பூக்கடைத் திட்ட அறிக்கையில் மிஞ்சும் பூவுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லிகை விலை ஏறிவிட்டது என்ற செய்தியும், அது கழிந்ததும் பூ விற்காமல் குப்பையில் கொட்டப்பட்டது என்ற செய்தியும் தங்கள் நாளிதழிலும் பிற நாளிதழ்களிலும் மாறி மாறி வருகின்றன. முதல் செய்தியைப் படிப்பவர் பூக்கடைக்காரர் கொழிக்கிறார் என்று எண்ணுகிறார். இரண்டாவதைப் படிப்பவர் இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு கட்டுகிறார். இரண்டுமே சரியல்ல. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அவற்றில் பூக்கடைகளும் உண்டு. பூக்கடை தொடங்கக் கடன் கேட்பவர்களுக்காகத் தயாரிக்கப்படும் திட்ட அறிக்கைகளில் நான் காணும் ஒரு பெருங்குறையைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

அந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கின்றன. கடைக்கு முன்பணம் இவ்வளவு, குளிர்சாதனப் பெட்டி, மேசை, பெயர்ப்பலகை இவ்வளவு என்று முதலில் ஒரு பட்டியல். அதன் பிறகு மாத விற்பனை என்று ஒரு தொகை. அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு விற்பனை. அடுத்த ஆண்டுக்கு அதில் பத்து விழுக்காடு கூடுதல். மளிகைக் கடைக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், ஏனெனில் இன்று விற்காத துவரம் பருப்பு அடுத்த வாரம் விற்கும். விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு அன்று மாலையே விரிந்துவிடும் குண்டுமல்லிக்கு அடுத்த வாரம் என்பதே கிடையாது. அப்படியிருக்க, விற்காமல் மிஞ்சும் பூவை எழுத அந்த அறிக்கைகளில் ஒரு கட்டம்கூட இல்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இதன் விளைவு என்ன என்பதை ஓர் உதாரணக் கணக்கால் காட்டலாம். ஒரு சாதாரண நாளில் கிலோ 500 ரூபாய் விலையில் 4 கிலோ மல்லி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பூவுக்கு 2,000 ரூபாய். பூவைச் சரமாகத் தொடுப்பதற்கான கட்டுக்கூலி கிலோவுக்கு 150 ரூபாய் என்று 600 ரூபாய். பேருந்தில் வரும் சுமைக்கூலி, ஐஸ், நார் ஆகியவற்றுக்கு 200 ரூபாய். மொத்தம் 2,800 ரூபாய். கிலோவுக்கு 25 முழம் வீதம் 100 முழம் கட்டி, முழம் 40 ரூபாய்க்கு விற்றால், எல்லாம் விற்றுத் தீரும் நாளில் 4,000 ரூபாய் வந்து 1,200 ரூபாய் மிஞ்சும். இரவு கடை சாத்தும்போது 20 முழம் கூடையில் கிடந்தால் வரவு 3,200 ரூபாய். மிச்சம் 400 ரூபாய் மட்டுமே. பூவில் ஐந்தில் ஒரு பங்கு தங்கியதற்கு லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. 30 முழம் தங்கினால் அன்றைய உழைப்புக்கு ஒன்றுமே இல்லை.

முகூர்த்த நாளுக்கு வருவோம். அதே 4 கிலோவைக் கிலோ 1,500 ரூபாய்க்கு வாங்கினால் மற்றச் செலவுகளையும் சேர்த்து அடக்கம் 6,800 ரூபாய். முழம் 90 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொண்டால், முழுவதும் விற்றால் 2,200 ரூபாய் லாபம் என்பது உண்மைதான். ஆனால் 20 முழம் தங்கினால் அன்றும் மிச்சம் அதே 400 ரூபாய். 24 முழம் தங்கினால் 40 ரூபாய். சாதாரண நாளில் 30 முழம் வரை தாங்கிய கடை, விலை ஏறிய நாளில் 25-வது முழத்திலேயே நட்டத்தில் விழுகிறது. சாதாரண நாளைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பணத்தையும் புரட்டியாக வேண்டும். விலை ஏறும் நாளில் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று பேரம் பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆகவே பூக்கடைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது கடையின் அகல நீளம் அல்ல; பூ வாங்குவதற்கு முன்பே விற்றுப்போன பூ எவ்வளவு என்ற கேள்வி. இதை எங்கள் பகுதியில் வாடிக்கைப் பூ என்போம். தினமும் காலையில் நகைக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை, வங்கிக் கிளை, உணவகம் ஆகியவற்றின் சாமி படங்களுக்குப் போகும் சரம், வீடுகளுக்குச் செல்லும் இரண்டு முழம், சிறு கோயில்களின் அன்றாட மாலை ஆகியவையே ஒரு கடையின் அடித்தளம். மாதம் முடிந்ததும் மொத்தமாகப் பணம் வரும் இந்த வாடிக்கையில் முழத்துக்குக் கிடைக்கும் லாபம் குறைவுதான். ஆனால் அதில் மிஞ்சுவது என்பதே இல்லை. அன்றாடக் கொள்முதலில் பாதியளவாவது வாடிக்கையில் போகும் என்று பெயர், முகவரியுடன் காட்ட முடியாத ஒருவருக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கக் கடன் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது என்பது என் கருத்து.

இரண்டாவது பக்கம் பஞ்சாங்கத்தை வைத்து எழுதப்பட வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் திருமணம் இல்லை. மேடை அலங்காரத்தையும் மணமாலையையும் மட்டுமே நம்பும் கடை அந்த மூன்று மாதங்களும் வாடகையைக் கைப்பணத்திலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதே ஆடியில் அம்மன் கோயில்களுக்கு அரளியும் சம்பங்கியும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் துளசியும், மார்கழியில் விடியற்காலைப் பூசைகளுக்கு உதிரிப்பூவும் தேவைப்படுகின்றன. ஆயுத பூசையின்போது கடலூர் சிப்காட் ஆலைகளிலிருந்து சைக்கிள் பழுது பார்க்கும் கடை வரை சாமந்தி மாலை இல்லாத இடமே இராது. அந்த ஆர்டர்களைப் பத்து நாள் முன்னதாகவே நேரில் சென்று கேட்டுப் பெறும் கடைக்காரர்கள் மிகச் சிலரே. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லறைத் தோட்டங்களின் வாசலில் அன்று விற்கும் பூவுக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் முகூர்த்தக் குறி இராது, ஆனால் தேவை உறுதியானது. பிப்ரவரி 14-ஐ ஒட்டி ஓசூர் ரோஜா வெளிநாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் போய்விடுவதால் சிறு கடைக்காரருக்குக் கட்டு விலை எகிறிவிடுகிறது. அந்த ஒரு நாளை நம்பி ரோஜாவைக் குவிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த இடத்தில் கடை என்பதும் எந்தப் பூ என்பதும் பிரிக்க முடியாதவை. புதுச்சேரியில் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் தாமரையும் போகின்றன. அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள அரவிந்தர் ஆசிரமத்திலோ, ஏறக்குறைய 900 மலர்களுக்கு ஆசிரமத்தை வழிநடத்திய அன்னை தனித்தனியே பொருள் குறித்து வைத்திருப்பதால், அங்கு வரும் அன்பர்கள் தொடுத்த சரத்தைவிடத் தனி மலரையே நாடுகிறார்கள். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களைக் குறித்து வைக்காத கடை அப்பகுதியில் கடையே அல்ல. தெற்கே தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவை ஒட்டிய பகுதியில் பூங்கொத்துக்கும் மலர்வளையத்துக்கும் தேவை இருக்கிறது. கடலூருக்கு வந்தால் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில்: பெரிய முகூர்த்த நாள் என்றால் நூறு திருமணங்களுக்கு மேல்கூட நடந்ததாக நாளிதழ்களில் படித்திருக்கிறோம். அந்தத் திருமண வீட்டாரில் பலர் வெளியூரிலிருந்து விடியற்காலையில் வேனில் வந்து இறங்குபவர்கள். மாலையை ஊரிலிருந்தே கொண்டுவந்தால் வழியிலேயே வாடிவிடும், இங்கே வந்து தேடினால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே தொலைபேசியில் மாலையின் படத்தைக் காட்டி, முன்பணம் பெற்று, மலையடிவாரத்தில் குறித்த நேரத்தில் கையில் கொடுக்கும் கடைக்கு விளம்பரப் பலகை தேவையில்லை. பாடலீசுவரர் கோயிலைச் சுற்றி இருக்கும் கடைகளுக்கு வைகாசிப் பெருவிழா எப்படியோ, அப்படி ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு காலம் உண்டு.

மழையைப் பற்றித் திட்ட அறிக்கைகளில் ஒரு வரியும் நான் பார்த்ததில்லை. கார்த்திகை இங்கே திருமண மாதம். வடகிழக்குப் பருவமழையின் உச்சமும் அதுவே. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலையும், 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் இந்தக் கரையோரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் நிலக்கோட்டையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வர வேண்டிய பெட்டி நடுவழியில் நின்றுவிட்டால், முன்பணம் வாங்கியவர் என்ன செய்வார்? எந்தப் பூ கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எதைக் கட்டுவது, திருமணம் தள்ளிப்போனால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே ரசீதின் பின்புறம் எழுதிக் கையொப்பம் பெறுவது சண்டையைத் தவிர்க்கும். மழை வலுக்கும் என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்தவுடன் வாடும் மல்லியைக் குறைத்து, நான்கைந்து நாள் தாங்கும் சாமந்தியையும் கோழிக்கொண்டையையும் கூட்டி வாங்குவது அனுபவசாலிகள் செய்வதுதான். புதிதாக வருபவருக்கு அதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

விளம்பரம் என்று எடுத்துக்கொண்டால், சமூக வலைதளப் பக்கம் தொடங்குங்கள் என்று பயிற்சியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் போடுவது பயனுள்ளதுதான், ஆனால் வேறு யாரோ செய்த மேடை அலங்காரத்தின் படத்தைக் காட்டி ஆர்டர் பிடித்து, அதில் பாதிகூடச் செய்ய முடியாமல் மண்டபத்தில் தலைகுனியும் நிலை அதனால்தான் வருகிறது. தான் கட்டிய மாலையை மட்டும் படமெடுத்து, அதன் கீழே பூவின் வகையும் எடையும் எழுதி அனுப்பினால் நம்பிக்கை தானாக வளரும். விலை கூறும் முறையிலும் ஒரு சீர்திருத்தம் தேவை. மூன்று மாதத்துக்குப் பிறகு நடக்கப்போகும் திருமணத்துக்கு இன்றே ஒட்டுமொத்தத் தொகை பேசுவது சூதாட்டம். கட்டுக்கூலி, அலங்காரக் கூலி, வண்டி ஆகியவற்றுக்கு நிலையான தொகையும், பூவுக்கு அன்றைய சந்தை விலையும், அதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் உச்சவரம்பும் என்று பிரித்துப் பேசினால் யாருக்கும் ஏமாற்றம் இராது. பூவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றாலும் மேடை அலங்காரம் சேவை என்ற வகையில் வரும் என்பதால், அந்த வேலையில் வளரும் கடைகளுக்குப் பிரித்து எழுதும் பழக்கம் வரிக் கணக்குக்கும் உதவும்.

முழத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அளவுகளையே ஏற்கிறது. ஆனால் பூ வாங்கும் எவரும் முழத்தை விடப்போவதில்லை, விட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. கை நீளமும் கட்டின் நெருக்கமும் கடைக்குக் கடை மாறுவதுதான் வருத்தம் தருகிறது. பலகையின் விளிம்பில் ஒன்றரை அடிக்கு இரண்டு ஆணி அடித்து, அதில் அளந்து, அன்றைய விலையைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் கடைக்குப் பக்கத்துக் கடையைவிட இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் பெண்களை நான் அறிவேன். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கும் நிலையில், வாழையிலையிலோ மந்தார இலையிலோ மடித்துக் கொடுப்பது பூவையும் வாடாமல் வைக்கும்.

மிஞ்சிய பூவை என்ன செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் பாதி விலைக்கு விற்பதை ஒரு கடை வழக்கமாக்கிவிட்டால், வாடிக்கையாளர் எட்டு மணிக்குத்தான் வருவார். மறுநாள் காலை இறுதி ஊர்வலங்களுக்கு வேண்டிய உதிரிக்குச் சாமந்தியையும் ரோஜாவையும் இதழ் பிரித்து வைக்கலாம். மல்லியைப் பக்கத்துக் கோயிலில் கொடுத்துவிடலாம். எப்படியானாலும், அன்று எத்தனை முழம் மிஞ்சியது என்பதை நோட்டில் எழுதாமல் கடையைச் சாத்தக் கூடாது. ஓர் ஆண்டு அப்படி எழுதிய நோட்டு, எந்தக் கிழமையில் எவ்வளவு வாங்கலாம் என்பதை எந்தப் பயிற்சியாளரையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

கட்டுக்கூலி இன்னொரு மறைவான செலவு. பெரும்பாலான கடைகளில் பூவைத் தொடுப்பவர் கடைக்காரரின் மனைவி, தாய், அல்லது தெருவில் உள்ள பெண்கள். வீட்டுப் பெண்களின் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் என்று காட்டும் அறிக்கை பொய்க் கணக்கு. அந்தப் பெண்ணுக்கு உடல்நலம் குன்றிய நாளில் வெளியாளுக்குக் கூலி கொடுத்துப் பார்க்கும்போதுதான் கடை உண்மையில் எவ்வளவு சம்பாதித்தது என்று தெரிகிறது.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் வட்டியில் இன்னமும் பூ வாங்குவோர் உண்டு. மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 2020-இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் சாலையோர வியாபாரிகளுக்கு முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது 2025-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒழுங்காகத் திருப்பினால் அடுத்து 25,000, பிறகு 50,000 ரூபாய். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் மாலை கட்டுவதும் ஒன்று. தமிழ்நாட்டின் கலைஞர் கைவினைத் திட்டத்திலும் மலர் வேலைப்பாடு இடம்பெற்றுள்ளது. ஆனால் எந்தக் கடனுக்கும் தவணை மாதத்துக்கு ஒரே அளவாகவே இருக்கிறது. தினசரி வரவுள்ள தொழிலுக்குத் தினசரி அல்லது வாரச் சேமிப்பிலிருந்து தவணை பிடிப்பதும், அலங்காரக் கடைகளுக்குத் திருமணமில்லாத மாதங்களில் தவணையைக் குறைத்து முகூர்த்த மாதங்களில் கூட்டுவதும் வங்கிகளால் செய்யக்கூடியதே. விவசாயக் கடனில் அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கிறார்கள் அல்லவா?

எனவே என் வேண்டுகோள்கள் மூன்று தரப்பினருக்கு. வங்கிகளும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களும் பூக்கடைக்கெனத் தனி அறிக்கைப் படிவம் வகுத்து, பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனி விற்பனை, மிஞ்சும் பூவின் அளவு, வீட்டார் கூலி, வாடிக்கைப் பட்டியல் ஆகியவற்றைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும். கடலூர் மாநகராட்சியும் புதுச்சேரி நகராட்சியும் பூ விற்கும் அங்காடிகளில் ஒரு சிறு குளிரறை அமைத்து, ஒரு கூடைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட வேண்டும். தனித்தனியே குளிர்சாதனப் பெட்டி வாங்க ஒவ்வொருவரும் கடன்படுவதைவிட அது மலிவு. புதுச்சேரியின் குபேர் அங்காடி போன்ற இடத்தில் இதை முதலில் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது வேண்டுகோள் தங்களுக்கு. தங்கம், வெள்ளி விலையைத் தினமும் வெளியிடும் தங்கள் நாளிதழ், கடலூர், புதுச்சேரி சந்தைகளில் மல்லி, முல்லை, சாமந்தி, சம்பங்கி, அரளி, ரோஜா ஆகியவற்றின் அன்றைய மொத்த விலையையும் வரத்து கூடியதா குறைந்ததா என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டும். அச்சில் வந்த விலை கையில் இருந்தால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே அன்றைய விலை குறித்த தகராறு குறையும். மேலே சொன்ன உச்சவரம்பு ஒப்பந்தத்துக்கு அதையே ஆதாரமாகக் கொள்ளலாம். வரும் தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பாகவே இதைத் தொடங்கினால் பேருதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.